இல்லமும் தோட்டமும்: பூவாத மல்லிகையும் ஒரு பிடி யூரியாவும்

சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பல நாட்களாக நம் மேசையை விட்டு அகலாதிருந்தது. காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு பங்கிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் குண்டுமல்லிகைச் செடியொன்று நிற்கின்றது. அவருடைய மாமியார் நட்டு வளர்த்தது. அம்மையார் இருந்த நாளில் மாசி பிறந்ததும் அரும்பெடுத்து, வீட்டிலுள்ள பெண்கள் தலைக்கும் கோயில் பீடத்துக்கும் ஆடி வரையில் பூக்கொடுத்து வந்த செடி. அம்மையார் இறைவனடி சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. அந்த இரண்டாண்டுகளிலும் செடி ஆளுயரம் தழைத்து நிற்கின்றதே தவிர, கைப்பிடிப் பூவும் கண்டதில்லை.

"என் கைராசி அப்படி என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். என் கணவர் அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வாழை வைக்கலாம் என்கிறார். நான் எருவில் குறை வைக்கவில்லை. வயலுக்கு வாங்கிய யூரியாவில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு பிடி போட்டு வருகிறேன். வேறு என்ன உரம் போடலாம்?" இதுவே கடிதத்தின் சாரம். கடித ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்த இன்னொரு செய்தியும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதற்கண் கைராசியைப் பற்றி ஒரு சொல். மல்லிகைக்கு மருமகளையும் மாமியாரையும் பிரித்தறியத் தெரியாது. கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒரு பெண்ணின் கையைப் பழிக்கும் இப்பேச்சு நுழைந்திருப்பதே வருந்தத்தக்கது. அந்தச் செடி பூவாமைக்குக் காரணம் உண்டு. அது தராசில் நிறுத்துக் காட்டக்கூடிய காரணம். இத்திங்கள் அதையே விளக்க எண்ணுகிறோம். ஏனெனில் "வேறு என்ன உரம் போடலாம்?" என்னும் கேள்வி நமக்கு வரும் தோட்டக் கடிதங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் இருக்கின்றது.

வெட்டிவிடலாம் என்ற பேச்சைக் கேட்டதும் லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்து அத்தி மரம் நம் நினைவுக்கு வந்தது, வாசகர்களுக்கும் வந்திருக்கும். மூன்றாண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த உடைமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓராண்டு பொறுக்குமாறு வேண்டுகிறார். மறையுரைகளில் இவ்வுவமை மனமாற்றத்துக்கு அளிக்கப்பட்ட தவணையாகவே விளக்கப்படுகின்றது, அது முறையே. ஆனால் மண்ணில் கைவைத்துப் பழகியவர் கண்ணுக்கு அதில் வேறொன்றும் தென்படும். அந்தத் தொழிலாளர் தாம் செய்யப்போவதைச் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் மரத்தைச் சுற்றிலும் கொத்துவது. அதன் பின்னரே எருவிடுவது. நாம் பெரும்பாலும் முதற்பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டுமே செய்கிறோம்.

கொத்துவது எதற்கு? வேர் உணவை மட்டும் உண்டு வாழ்வதன்று. அது மூச்சும் விடுகின்றது. மண்துகள்களுக்கிடையே காற்று நிற்க இடம் வேண்டும். வீட்டுக் கொல்லை மண்ணோ பலர் நடந்து மிதித்தது. துவைகல்லின் சோப்பு நீர் பாய்ந்தது. வீடு கட்டிய காலத்துச் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்தது. மேலே இரண்டு அங்குலத்துக்கு ஓடுபோல் இறுகியிருக்கும். அதன்மேல் தூவிய உரம் நீரோடு வழிந்து சாக்கடைக்குப் போகும், வேருக்குப் போகாது. ஆகவே செடியின் அடித்தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு, அதற்கப்பால் ஒன்றரை அடி அகலத்துக்குக் களைக்கொட்டால் மூன்று நான்கு அங்குல ஆழம் கொத்திவிட வேண்டும். கடப்பாரை வேண்டா. மேல்வேர் சில அறுபட்டால் அஞ்ச வேண்டியதில்லை. தொட்டியாயின் பழைய கரண்டிக் காம்பே போதும்.

உழவு அதிகாரத்தில் திருவள்ளுவர் உழுவதைவிட எருவிடுதல் நன்று என்று சொன்னதைப் பலரும் மேடையில் எடுத்துக் காட்டுவர். அதற்கு முந்தைய குறளில், உழுத புழுதி நாலில் ஒரு பங்காகக் காயும்படி விட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்று அவரே கூறியிருப்பதை எடுத்துக் காட்டுவோர் குறைவு.

இனி எருவுக்கு வருவோம். செடிக்கு வேண்டிய தலையான சத்துகள் மூன்றுக்கு நம் வேளாண் துறையினர் வைத்துள்ள தமிழ்ப் பெயர்கள் மிக அழகானவை. பெயரே பாடம் சொல்லும். நைட்ரஜனைத் தழைச்சத்து என்றனர். அது தழையைப் பெருக்கும். பாஸ்பரஸை மணிச்சத்து என்றனர். வேர் பிடிக்கவும் பூத்து மணி பிடிக்கவும் உதவுவது. பொட்டாசியத்தைச் சாம்பல் சத்து என்றனர். விறகுச் சாம்பலில் மிகுதியாக இருப்பது, தண்டுக்கு உறுதியும் பூவுக்கும் கனிக்கும் தரமும் நோயைத் தாங்கும் வலிமையும் தருவது. உரப்பையின்மேல் இரட்டைப் புள்ளியிட்டு அச்சிட்டிருக்கும் மூன்று எண்கள் இவற்றின் நூற்று விகிதமே. இதே வரிசையில் வரும். 17:17:17 என்றால் நூறு கிலோவில் ஒவ்வொன்றும் பதினேழு கிலோ. டி.ஏ.பி. என்னும் டை அமோனியம் பாஸ்பேட் 18:46:0. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு; மற்ற இரண்டும் அறவே இல்லை. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 விழுக்காடு. மியூரியேட் ஆப் பொட்டாஷில் சாம்பல் சத்து 60 விழுக்காடு. கடைக்காரர் கையில் கொடுப்பதை வாங்கி வராமல் இம்மூன்று எண்களையும் படித்து வாங்குவோர் பாதித் தவற்றினின்று தப்புவர்.

சகோதரியின் ஒரு பிடியை இப்போது நிறுத்துப் பார்ப்போம். பெண்மணி ஒருவரின் கைப்பிடியில் ஏறத்தாழ நாற்பது கிராம் யூரியா கொள்ளும். அதில் தழைச்சத்து பதினெட்டு கிராம். பதினைந்து நாளுக்கொருமுறை என்றால் ஆண்டுக்கு இருபத்து நான்கு தடவை. கூட்டினால் ஏறத்தாழ 440 கிராம். தரையில் நட்ட மல்லிகைச் செடி ஒன்றுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஓராண்டுக்குப் பரிந்துரைப்பது தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல் சத்து 120 கிராம். அதாவது தழைச்சத்து ஏழு மடங்குக்கு மேல் போயிருக்கின்றது. தழையைவிட இருமடங்காக வேண்டிய மற்ற இரண்டும் அணுவளவும் போகவில்லை. செடி தனக்கு இட்டதற்கு ஏற்பவே நடந்துகொண்டது. தழை கேட்டவருக்குத் தழையைக் கொடுத்தது.

அளவு மிஞ்சினால் வருவது பூவாமை மட்டுமன்று. நம் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. சொல்ல நாணமாகத்தான் இருக்கின்றது. 2011-ஆம் ஆண்டு மே மாதம், மாதா வணக்க மாதத்து மாலைச் செபத்துக்குக் கெபியில் வைப்பதற்கென்றே ஆறு தொட்டிகளில் ரோஜா வளர்த்து வந்தோம். மொட்டுகள் சிறுத்து வந்தன. நாள் நெருங்குகின்றதே என்ற பதற்றத்தில், உச்சி வெயிலில், காய்ந்து கிடந்த தொட்டி மண்ணில், தொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி காம்ப்ளெக்ஸ் உரத்தைத் தூவி அரைக் குவளை நீர் தெளித்தோம். மூன்றாம் நாள் இலையோரங்கள் தீய்ந்தன. ஒரு வாரத்தில் நான்கு செடிகள் அடியோடு பட்டுப்போயின. அவ்வாண்டு கெபிக்குக் கடைப்பூவே வாங்கி வைத்தோம்.

நடந்தது என்னவென்று ஊறுகாய் போடும் எவருக்கும் விளங்கும். மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் துண்டிலிருந்து நீர் வெளிவந்து ஜாடியில் நிற்கின்றதல்லவா? இரசாயன உரம் என்பதும் ஒருவகை உப்பே. மண்ணிலுள்ள நீரில் உப்புச் செறிவு மிகும்போது, வேர் நீரை உறிஞ்சுவதற்கு மாறாக வேரிலிருந்தே நீர் வெளியேறும். நீர் ஊற்றிய தொட்டியில் செடி தாகத்தால் சாகின்றது. ஆதலின், காய்ந்த மண்ணில் உரமிடுவதில்லை என்பதை உறுதியாகக் கொள்ளுங்கள். முதல்நாள் மாலை நீர் பாய்ச்சி, மறுநாள் காலை ஈர மண்ணில் உரமிட்டு, மண்ணால் மூடி, மீண்டும் நீர் விட வேண்டும். யூரியாவை மண்ணின்மேல் திறந்து கிடக்க விட்டால் அதன் சத்தில் ஒரு பகுதி அமோனியாவாகிக் காற்றில் போய்விடும். மூடுவது அதற்காகவும் ஆகும். தவறி மிகுதியாக இட்டுவிட்டால், தொட்டியின் அடித்துளை வழியே நீர் வடிந்தோட நாலைந்து தடவை நன்கு ஊற்றிக் கழுவிவிட வேண்டும். அன்று இது நமக்குத் தெரிந்திருந்தால் அந்த நான்கில் இரண்டையாவது காத்திருப்போம்.

வாடிய செடிக்கு உரமிடுவது காய்ச்சலில் கிடப்பவருக்குப் பிரியாணி பரிமாறுவது போலாகும். முதலில் நீர் போதுகின்றதா, மிகுகின்றதா, வேர் அழுகியிருக்கின்றதா, பூச்சியா, நிழலா என்று பார்க்க வேண்டும். புதுத்துளிர் விடத் தொடங்கிய பின்னரே உரத்தை எண்ண வேண்டும். நட்ட புதுச் செடிக்கும் இதே விதி. வேர் பிடிக்க மூன்று வாரமாவது விடுங்கள்.

இயற்கை எருவா, இரசாயன உரமா என்ற வழக்கு இப்போது வீட்டுக்கு வீடு நடக்கின்றது. நம் கருத்தை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறோம். இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906-இல் நம் இராணிப்பேட்டையில்தான் தொடங்கிற்று. காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக்கும் வழியை 1909-இல் ஜெர்மானியரான பிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டினார். அவ்வுரங்கள் கோடிக்கணக்கானோரின் பசியைத் தணித்தன என்பதை மறுப்பதற்கில்லை. 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, நெல்லும் தேயிலையும் குறைந்து, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்த நேர்ந்ததையும் கண்டோம். ஆயினும் வயல் வேறு, வீட்டுத் தோட்டம் வேறு. வயலில் விளைச்சலைக் கொண்டு குடும்பம் வாழ வேண்டும். நம் தோட்டத்தில் அந்த அவசரம் இல்லை. மேலும் இரசாயன உரம் செடிக்கு உணவளிக்கும், மண்ணுக்கு அளிக்காது. மக்கிய எரு மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண்புழுவையும் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களையும் வளர்க்கும். ஆகவே எருவைச் சோறாகவும் இரசாயன உரத்தைத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாகவும் வைத்துக்கொள்வது வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

எருவில் தலையாயது தொழுவுரம். அதில் தழைச்சத்து அரை விழுக்காட்டளவே. பத்துக் கிலோவில் ஐம்பது கிராம்தான். ஆனால் மெல்ல மெல்லக் கொடுக்கும், சுட்டுப் பொசுக்காது. நன்கு மக்கியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கையில் எடுத்தால் சூடு இருத்தலாகாது. சாண நாற்றம் இருத்தலாகாது. விரலால் நசுக்கினால் தூளாக வேண்டும். பச்சைச் சாணத்தை வேரில் கொட்டினால் அது மக்கும்போது எழும் வெப்பம் வேரைத் தாக்கும். எருக்குழியிலிருந்து எடுக்கும்போது பருத்த வெண்புழுக்கள் தென்பட்டால் பொறுக்கி அழித்துவிடுங்கள். தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டையிடும். ஆட்டுப் புழுக்கை தொழுவுரத்தினும் சத்து மிக்கது. அதையும் மக்கவைத்தே இடவேண்டும். மாடியில் தொட்டி வைத்திருப்போருக்கு மண்புழு உரம் கையாள எளிது. தொட்டிக்கு மாதம் இரண்டு பிடி போதும்.

பிண்ணாக்குகளில் வேப்பம் பிண்ணாக்கையே நாம் முதலில் சொல்வோம். தழைச்சத்து ஐந்து விழுக்காடு அளவில் இருப்பதோடு, வேரைத் தாக்கும் நூற்புழுக்களையும் ஓரளவு அடக்கும். கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து ஏழு விழுக்காடு வரை உண்டு. ஆனால் அப்படியே போட்டால் எறும்பும் எலியும் விருந்துக்கு வரும். மூன்று நான்கு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றுங்கள். வாடை பொறுக்கமாட்டாத அண்டை வீட்டார் இருந்தால் அதற்கும் வழிபார்த்துக்கொள்ளுங்கள்! ஆமணக்குப் பிண்ணாக்கு நல்ல எருவே. எனினும் நாய் வளர்க்கும் வீட்டில் அது வேண்டா. அதிலுள்ள ரிசின் என்னும் நச்சு, வாசனையால் இழுக்கப்பட்டு அதைத் தின்னும் நாயைக் கொன்றுவிடக்கூடும்.

வீட்டிலேயே எரு செய்வதைப் பற்றி ஓர் ஆதங்கம் நமக்கு உண்டு. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன்னதாகப் பங்குதோறும் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம். புல்லும் சருகும் மலைபோல் குவியும். உடனே தீ வைக்கிறோம். சாம்பல் சத்து சாம்பலில் தங்கும், உண்மையே. ஆனால் தழைச்சத்து முழுதும் புகையாய்ப் போய்விடுகின்றது. மண்ணுக்கு மென்மை தரவேண்டிய மக்கும் அதனோடு போகின்றது. அக்குவியலை ஒரு மூலையில் மூன்றடி ஆழக் குழியில் இட்டு, ஓரடிச் சருகுக்கு மேல் இரண்டு அங்குலச் சாணமோ சமையற் கழிவோ ஒரு பிடி தோட்ட மண்ணோடு பரப்பி, பிழிந்த துணியளவு ஈரம் இருக்கும்படி நீர் தெளித்து, மாதம் ஒருமுறை புரட்டிவிட்டால் நான்கு மாதத்தில் கருத்த எரு கிடைக்கும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணிபுரிந்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர் நம் உழவரிடமும் கற்று வகுத்த முறை இதை ஒட்டியதே. பங்கின் இளையோர் ஓராண்டு இதைச் செய்து பார்க்கலாம். கோயில் வளாகச் செடிகளுக்கு விலைகொடுத்து எரு வாங்கும் செலவு மிஞ்சும்.

சமையலறையிலிருந்து செடிக்குப் போகும் பொருள்களைப் பற்றி நிறையச் சொல்லப்படுகின்றது. எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. அரிசி கழுவிய நீர், மீன் கழுவிய நீர் இரண்டும் நல்லவை. உப்புச் சேராதிருக்க வேண்டும். தேயிலைச் சக்கையைச் சர்க்கரை போகக் கழுவி இடுங்கள். வாழைப்பழத் தோலை ஊறவைத்த நீரில் பெரிதாக ஒன்றும் இல்லை. தோலை எருக்குழியில் போடுவதே மேல். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதங்கள் ஆகும். தக்காளியின் அடிப்பகுதி கருத்து அழுகுவதற்கு அதைத் தூவி உடனே பயன் காண முடியாது. அந்நோய் செடிக்குள் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமையால் வருவது. ஒருநாள் வெள்ளமும் மூன்று நாள் வறட்சியுமாக நீர் விடுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். விறகுச் சாம்பலில் காரத்தன்மை உண்டு. சாணத்தோடோ யூரியாவோடோ கலந்தால் தழைச்சத்து அமோனியாவாய்ப் பறந்துவிடும். தனியே, சிறிதளவே இடுங்கள். பிளாஸ்டிக் சேர்த்து எரித்த சாம்பல் அறவே ஆகாது.

செடிக்கு என்ன குறை என்பதை இலையே சொல்லும். அடியிலைகள் ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. அடியிலைகளின் ஓரம் காய்ந்து தீய்ந்தாற்போல் இருந்தால் சாம்பல் சத்துக் குறையாக இருக்கலாம். நாம் ரோஜாவுக்குச் செய்தது போன்ற உர மிகுதியும் இப்படித்தான் தோன்றும் என்பதால், அண்மையில் என்ன இட்டோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கொழுந்திலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மல்லிகையிலும் கறிவேப்பிலையிலும் அடிக்கடி காண்பது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், டி.ஏ.பி.யை அளவின்றிக் கொட்டிய மண்ணிலும் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. அன்னபேதி ஐந்து கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, மாலை வேளையில் இலைமீது தெளித்தால் பச்சை திரும்பும். நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் அது கிடைக்கும். கடையில் அன்னபேதி என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். மயில்துத்தம் வேறு பொருள், நச்சுத்தன்மையுள்ளது.

ஒவ்வொரு செடிக்கும் அளவு எழுதப் புகுந்தால் இதழ் போதாது. கொல்லையில் தென்னை வைத்திருப்போர் பலர் ஆதலின் அதை மட்டும் சொல்கிறோம். ஐந்தாண்டு கடந்த மரத்துக்கு ஆண்டொன்றுக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, மியூரியேட் ஆப் பொட்டாஷ் 2 கிலோ. உரங்களை இரண்டாகப் பிரித்து ஜூன், ஜூலையில் ஒருமுறையும் டிசம்பர், ஜனவரியில் ஒருமுறையும், மரத்திலிருந்து ஆறடி சுற்றளவுக்குள் பாத்தியில் கொத்திக் கலக்க வேண்டும். அடிமரத்தை ஒட்டி உப்பைக் கொட்டும் வழக்கத்தைப் பலர் இன்னும் விடவில்லை. தொட்டி ரோஜாவுக்கு நீரில் கரையும் 19:19:19 உரம் லிட்டருக்கு இரண்டு கிராம், பதினைந்து நாளுக்கொருமுறை. அதற்கு மேல் வேண்டா. முருங்கைக்குத் தழைச்சத்தையும் நீரையும் மிகக் கொடுத்தால் கீரைதான் சமைக்கலாம், காய் குறையும். கீரைப் பாத்திக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும் தழைச்சத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். அவற்றில் நாம் தேடுவது இலையைத்தானே.

உரம் வைக்கும் இடத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியது நம் கடமை. யூரியாவும் பொட்டாஷும் பார்வைக்கு உப்பு, சவ்வரிசி போன்றவை. மிஞ்சியதை ஹார்லிக்ஸ் புட்டியிலும் ஊறுகாய் ஜாடியிலும் போட்டு அடுக்களை அலமாரியில் வைப்பது ஆபத்து. மூடியுள்ள தனி டப்பாவில் பெயரெழுதி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். யூரியாச் சாக்கை நக்கிய பசுவும் யூரியா கரைத்த வாளி நீரைக் குடித்த ஆடும் சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். உழவர் வீடுகளில் இதைக் கருத்தில் வையுங்கள். உரம் தொட்ட கையைக் கழுவிய பின்னரே மற்ற வேலை.

இனிச் சகோதரியின் கடித ஓரத்துக்கு வருவோம். அங்கே எழுதியிருந்தது இதுதான்: "அத்தை ஆண்டுதோறும் கார்த்திகையில் அரிவாளால் இதை மொட்டையடிப்பார்கள். அவர்கள் கைப்பட நட்ட செடியை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் நான் தொடவே இல்லை."

இதைப் படித்தபோது நமக்குச் சற்று நேரம் பதிலெழுத முடியவில்லை. சகோதரி, தங்கள் அன்பே அங்கே பூவைத் தடுத்திருக்கின்றது. மல்லிகை பழைய கிளையில் பூப்பதில்லை. அவ்வாண்டு விடும் புதுத்துளிரின் நுனியிலேயே அரும்பும். கவாத்துச் செய்யாத செடியில் முதிர்ந்த கிளைகள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும், உள்ளே வெயில் விழாது, புதுத்துளிர் குறையும். தங்கள் மாமியார் அதை வெட்டியது அதை அறிந்திருந்ததால்தான்.

ஆதலின் இன்றே யூரியாவை நிறுத்துங்கள். வேலியோர மரக்கிளைகள் நிழலிட்டால் அவற்றைக் கழித்து, செடிக்கு நாள் முழுதும் வெயில் விழச் செய்யுங்கள். நவம்பர்க் கடைசி வாரம், திருவருகைக் காலம் தொடங்கும் கிழமையை அடையாளமாக வைத்துக்கொண்டு, இரண்டு நாள் முன்னதாக நீரை நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு எல்லாக் கிளைகளையும் கவாத்துச் செய்யுங்கள். காய்ந்தவற்றையும் நோயுற்றவற்றையும் அடியோடு நீக்குங்கள். பின்னர் முன்சொன்னபடி சுற்றிலும் கொத்தி, தொழுவுரம் பத்துக் கிலோ, சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மியூரியேட் ஆப் பொட்டாஷ் 100 கிராம் இட்டு மூடி நீர் பாய்ச்சுங்கள். முறைப்படி இத்தோடு 65 கிராம் யூரியாவும் சேர வேண்டும். இரண்டாண்டு மிகுதியாய் இட்டதால் முதல் தவணையில் அதை விட்டுவிடலாம் என்பது நம் எண்ணம். தொழுவுரத்திலுள்ள தழைச்சத்தே துளிர் விடப் போதும். திரு இருதய மாதமாகிய ஜூன் முடியுமுன் இரண்டாம் தவணையாக மூன்று உரங்களையும் அதே அளவில் இடுங்கள். கொழுந்து வெளுத்தால் அன்னபேதி நீரைத் தெளியுங்கள்.

வாழை வைக்க விரும்பும் தங்கள் கணவரிடம் இவ்விதழைக் காட்டி, அடுத்த சித்திரை வரையில் பொறுக்கச் சொல்லுங்கள். கொல்லையில் குளியலறை நீர் வடியும் பக்கம் இடமிருந்தால் வாழையை அங்கே வைக்கட்டும். அதற்குத்தான் நீர் மிகுதியாக வேண்டும். அரும்பு கட்டியதும் நமக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

அடுத்த திங்கள், தொட்டிச் செடிகளுக்கு ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீரால் வரும் கேட்டைப் பற்றி இராமநாதபுரம் பகுதி வாசகர்கள் கேட்டிருப்பதற்கு விடையளிப்போம்.